கவுன்சிலருக்கு நிற்கிறேன், மேம்பாலம் கேட்காதீர்கள்

அடுத்த மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கலாம் என்று முடிவு செய்து தெருவில் நாலு பேரிடம் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. "ஜெயிச்சா நம்ம ஏரியாவுக்கு என்ன கொண்டு வருவீங்க?" ஒருவர் மெட்ரோ ஸ்டேஷன் கேட்டார், ஒருவர் மேம்பாலம், ஒரு அம்மா அரசு கலைக் கல்லூரி. மூன்றில் எதையும் கவுன்சிலரால் கொண்டுவர முடியாது. அதைச் சொன்னால் "அப்புறம் எதுக்கு நிக்கிறீங்க?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். கேட்டுக்குப் பக்கத்தில் செருப்போடு நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

எங்கள் பகுதி 2011இல் சென்னையோடு சேர்ந்தது. அதுவரை 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி, சுற்றியிருந்த 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 426 சதுர கிலோமீட்டர் ஆனது. அந்த வருடமே அக்டோபரில் தேர்தல் நடந்தது, 2016இல் அந்த மன்றத்தின் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. நடுவில் ஐந்து வருடத்துக்கும் மேலாக ஊருக்குக் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் நிர்வாகம். அதனால் கட்டடம் கட்டுவது நின்றதா என்ன? எங்கள் பக்கம் தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் வரிசையாக எழுந்தது அந்த வருடங்களில்தான். ஆகவே "நான் வளர்ச்சி கொண்டுவருவேன்" என்று ஒரு கவுன்சிலர் வேட்பாளர் மைக்கில் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அது யாரையும் கேட்காமல் தானாக வந்துகொண்டிருக்கிறது.

எந்த மனையில் எத்தனை மாடி என்பதை முடிவு செய்வது மாநில அரசின் விதியும் சிஎம்டிஏவும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்). 2019இல் வந்த கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கான எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5இலிருந்து 2 ஆனது, உயரமான கட்டடங்களுக்கு 3.25. ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்ளுங்கள், 2,400 சதுர அடி. எஃப்எஸ்ஐ 2 என்றால் 4,800 சதுர அடி கட்டலாம், அதாவது 800 சதுர அடியில் ஆறு வீடு. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் ஆறு குடும்பம், ஆறு வாஷிங் மெஷின், ஏழெட்டு டூவீலர், இரண்டு மூன்று கார். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று போதும், அதாவது விதிப்படி கட்டுகிறேன் என்று நாமே கொடுக்கிற சான்று, ஆன்லைனில் பணம் கட்டினால் உடனே அனுமதி. நடையாய் நடந்து டேபிள் டேபிளாகக் கவனித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரியும், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுக்குமாடிக்கே நான் எதிரி இல்லை. நானும் அடுக்குமாடியில்தான் இருக்கிறேன். வேலைக்குப் பக்கத்திலேயே ஜனங்களுக்கு வீடு கிடைக்க வேண்டும், செங்கல்பட்டுத் தாண்டிப் போய் மனை வாங்கி தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் கழிப்பதைவிட அது மேல். ஆனால் ஆறு வீட்டுக்கு அனுமதி கொடுக்கிற கை ஒன்று, அந்த ஆறு வீட்டின் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் பொறுப்பான கை வேறொன்று, தெருவுக்குப் பொறுப்பு மூன்றாவது கை. முதல் கை மட்டும் வேகமாகிக்கொண்டே போகிறது. பந்திக்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டு இலை வாங்க ஆள் அனுப்புகிற கதை.

பணமும் அப்படித்தான் போகிறது. பெரிய கட்டடத்துக்கு அனுமதி வாங்கும்போது உட்கட்டமைப்பு மற்றும் வசதிக் கட்டணம் என்று வசூலிக்கிறார்கள், கூடுதல் பரப்புக்கு பிரீமியம் எஃப்எஸ்ஐ கட்டணம் வேறு. அது அரசின் நிதிக்குப் போகிறது. எந்தத் தெருவின் மேல் அந்தக் கட்டடத்தின் பாரம் இறங்குகிறதோ அந்தத் தெருவுக்குத் திரும்பி வர வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. வார்டு மட்டத்தில் நாம் கண்ணால் பார்க்கிற பணம் சொத்து வரிதான். 2022 ஏப்ரலில் அது உயர்ந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பழைய சென்னையில் வீட்டின் அளவைப் பொறுத்து 50 முதல் 150 சதவீதம் வரை, எங்களைப் போலப் பின்னால் சேர்ந்த பகுதிகளில் 25 முதல் 100 சதவீதம் வரை. 15ஆவது நிதிக்குழு மானியத்துக்குப் போட்ட நிபந்தனையை அரசு காரணமாகச் சொன்னது.

வரியைக் குறைப்பேன் என்று நான் வாக்குக் கொடுக்கப் போவதில்லை. ஓட்டு போகும் என்று என் தம்பியே திட்டுகிறான். ஆனால் ஒரு கவுன்சிலரால் அதைக் குறைக்க முடியாது, குறைத்தால் குப்பை வண்டிக்கு டீசல் எங்கிருந்து வரும் என்றும் யோசிக்க வேண்டும். மன்றத்தில் நான் கேட்கப் போவது வேறு. எங்கள் வார்டில் இந்த அரையாண்டில் வசூலான சொத்து வரி எவ்வளவு, எங்கள் வார்டில் செலவழித்தது எவ்வளவு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வார்டு அலுவலக வாசலில் ஒட்டுங்கள். பணக்கார வார்டின் வரியில் ஏழை வார்டுக்கு வேலை நடந்தால் எனக்கு ஆட்சேபணையே இல்லை, நடக்கத்தான் வேண்டும். எங்கே போகிறது என்பதாவது தெரியட்டும்.

இப்போது சாக்கடைக்கு வருகிறேன், ஏனென்றால் என் தேர்தல் அறிக்கையில் பாதி அதுதான். மே மாதம், சொட்டு மழை கிடையாது, அப்போது உங்கள் தெருவில் மழைநீர் வடிகாலின் மேல் இருக்கும் இரும்பு மூடியின் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் நுரையோடு தண்ணீர் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தால் அது மழைநீர் இல்லை. யாரோ வீட்டுக் கழிவுக் குழாயை ராத்திரியோடு ராத்திரியாக அதில் சொருகியிருக்கிறார்கள். சொருகியவரைத் திட்டுவது சுலபம். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் அவருக்கு இருக்கிற மற்ற வழி செப்டிக் டேங்க், அது நிரம்பினால் லாரி, ஆறு வீட்டுக்கு அது எத்தனை நாள் தாங்கும்? பிறகு நவம்பரில் உண்மையான மழை வரும்போது வடிகாலில் ஏற்கெனவே பாதி நிரம்பியிருக்கும், மீதி நம் வீட்டுக்குள் வரும்.

இதில் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, பாதாளச் சாக்கடையும் குடிநீரும் குடிநீர் வாரியத்துடையது. 1978இலிருந்து அது தனி அமைப்பு, மாநகராட்சி மன்றத்துக்குக் கட்டுப்பட்டதில்லை. 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர அமைப்புகளுக்குக் கொடுக்கலாம் என்று 18 பொறுப்புகளை அட்டவணை போட்டது, அதில் குடிநீரும் உண்டு, நகரத் திட்டமிடலும் உண்டு. அது நடைமுறைக்கு வந்தது 1993இல். முப்பது வருடம் தாண்டிவிட்டது, இன்னும் இரண்டும் சென்னை மன்றத்தின் கையில் இல்லை. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இதில் மட்டும் அபூர்வமான ஒற்றுமை.

நெம்மேலியில் இரண்டாவது கடல்நீர் ஆலை, நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர், 2024 பிப்ரவரியில் திறந்தாயிற்று. தென்சென்னைக்கு நல்ல செய்திதான். ஆலையிலிருந்து பெரிய குழாய் வந்தால் போதாது, தெருவில் குழாய் வேண்டும், தெருவிலிருந்து வீட்டுக்கு இணைப்பு வேண்டும். அந்தக் கடைசி நூறு அடிக்குத்தான் வார்டில் ஒரு ஆள் தேவைப்படுகிறது. எந்தத் தெருவில் குழாய் போட்டார்கள், எதில் போட்டு இணைப்புக் கொடுக்கவில்லை, எதில் ரோட்டைத் தோண்டிவிட்டு ஒப்பந்ததாரர் காணாமல் போனார் என்று தெருவாரியாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வாரியத்தின் பகுதிப் பொறியாளர் முன்னால் போய் உட்கார வேண்டும். அதிகாரம் இல்லாத இடத்தில் கவுன்சிலருக்கு இருப்பது இந்த உட்காருகிற வேலைதான். அதை ஒழுங்காகச் செய்தாலே பாதி நடக்கும் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் அங்கேதான் வந்து சேர்கிறது, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. 2022இல் உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் வந்தபோது அதன் பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். அதன் ஓரத்தில்தான் நகரத்தின் குப்பையைப் பல வருடம் கொட்டினோம், அதன் ஓரத்தில்தான் கட்டடங்களும் எழுகின்றன. என் நிலை ஒன்றுதான்: தண்ணீர் போகிற வழியில் இனி ஒரு செங்கல்கூட வேண்டாம், அரசுக் கட்டடமாக இருந்தாலும் சரி. ஏற்கெனவே குடியிருக்கிற ஏழைகளைத் தூக்கி பெரும்பாக்கத்து மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டு பெரிய நிறுவனங்களை விட்டுவைப்பதற்கு இதே வாதத்தைப் பயன்படுத்தினால் அங்கேயும் எதிர்த்து நிற்பேன்.

ரோடு. புது ரோடு போட்டால் கவுன்சிலருக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள், ஆனால் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு எங்கள் தெருவில் பழைய வீடுகளின் வாசற்படி ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. ஒரு காலத்தில் மூன்று படி ஏறி வீட்டுக்குள் போனவர்கள் இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறார்கள், மழைத்தண்ணீரும் கூடவே இறங்குகிறது. சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று தலைமைச் செயலரே 2021இல் எழுதினார். பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் மெஷின் வராத தெருவில் தார் லாரியை நான் விடமாட்டேன், இது மட்டும் தைரியமாகச் சொல்லக்கூடிய வாக்குறுதி, ஏனென்றால் இதற்கு ஒரு ஆள் ராத்திரி பதினோரு மணிக்குத் தெருவில் நின்றால் போதும்.

ஓஎஸ்ஆர் நிலம் என்று ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒரு ஹெக்டேருக்கு மேல் மனை போட்டாலோ கட்டினாலோ அதில் பத்து சதவீதத்தை திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு தானமாகப் பதிந்து கொடுக்க வேண்டும். பூங்கா, விளையாட்டு இடம் எல்லாம் இதிலிருந்துதான் வர வேண்டும். கொடுத்ததாகக் காகிதத்தில் இருக்கும் நிலம் தரையில் எங்கே இருக்கிறது? சிலது பார்க்கிங், சிலது கேட்டுக்குள்ளே போய் குடியிருப்போரின் சொந்தத் தோட்டம், "வெளியாட்களுக்கு அனுமதி இல்லை" என்று போர்டு வேறு. ஜெயித்தாலும் தோற்றாலும் எங்கள் வார்டின் ஓஎஸ்ஆர் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி, ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்து போட்டோவோடு இங்கே போடப் போகிறேன்.

குப்பை விஷயத்தில் நான் சொல்வது என் நண்பர்கள் சிலருக்கே பிடிக்கவில்லை. தனியாரிடம் கொடுத்தால் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் போராட்டத்தில் உட்கார்ந்தது எதற்கு என்று அவர்கள் யோசிக்க வேண்டும். வருடக்கணக்கில் அதே தெருவைப் பெருக்கியவருக்கு நாளைக்கு எந்த முதலாளி, என்ன சம்பளம் என்று தெரியாமல் இருந்தால் அந்தத் தெரு எப்படிச் சுத்தமாக இருக்கும்? நிரந்தரமான வேலைக்கு நிரந்தரமான ஆள், அவ்வளவுதான் என் கொள்கை.

வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபை கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டும் என்று 2022இலேயே விதி வந்துவிட்டது. நடந்தால் சரி. நான் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை நடக்கும், வேலைநாள் காலை பதினோரு மணிக்கு வைத்துவிட்டு "ஜனங்க வரலை" என்று குறிப்பு எழுத மாட்டேன். கடந்த தேர்தலில் மாநிலம் முழுக்க சுமார் 60 சதவீதம் ஓட்டு விழுந்தபோது சென்னையில் சுமார் 43தான். மாநகராட்சியால் எதுவும் நடக்காது என்று பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை.

எங்களுடையது பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு, அதனால் இன்னொரு கேள்வியும் வருகிறது: "சார் எப்போம்மா வருவாரு பிரச்சாரத்துக்கு?" சார், அதாவது என் கணவர், வரமாட்டார், அவருக்கு ஆபீஸ் இருக்கிறது. ஜெயித்தால் கூட்டத்துக்கும் அவர் வரமாட்டார், லெட்டர்பேடும் அவரிடம் இருக்காது. அப்புறம் பணம். போன தேர்தலில் டெபாசிட் 4,000 ரூபாய், சென்னை வார்டுக்குச் செலவு உச்சவரம்பு 90,000. ஒரு வார்டில் உண்மையில் எவ்வளவு இறங்குகிறது என்று உங்களுக்கே தெரியும், ஜெயித்த பிறகு கிடைக்கிற மதிப்பூதியம் மாதம் 10,000. இந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது என்று ஓட்டுக்குப் பணம் வாங்குபவர்கள் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். நான் கொடுக்கப் போவதில்லை, கொடுக்க என்னிடம் இல்லவும் இல்லை.

சுயேச்சையாக ஜெயித்துவிட்டு மறுநாளே ஆளுங்கட்சித் துண்டைப் போட்டுக்கொள்வீர்களா என்று பக்கத்து பிளாக் மாமா கேட்டார். இப்போது மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் சுயேச்சைகளுக்கு அந்த ஒரு வாரம் நல்ல மரியாதை கிடைக்கும் என்பது உண்மை. துண்டு வேண்டாம் மாமா. மேயர் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டேன், ஏன் போட்டேன் என்று அன்றைக்கே இங்கே எழுதிவிடுகிறேன்.