கொலிசியத்தின் கடைசி வாரம்

செப்டம்பர் 19, 2024, வியாழன்

பெரியவரை டயாலிசிஸ் சென்டரில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனேன். ஊரைவிட்டுப் போகிற எங்கள் பேஸ்பால் அணி அத்லெடிக்ஸுக்கு அடுத்த வியாழன்தான் ஓக்லண்டில், கொலிசியம் மைதானத்தில் கடைசி ஆட்டம், பகல் பன்னிரண்டரைக்கு. வியாழன் அவருடைய முறை. மாற்றித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்றார்களாம்.

செப்டம்பர் 20

இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 21

ராத்திரி தூக்கம் வரவில்லை, அந்த 2023 ஜூன் பேட்டியை மறுபடி பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அணி போகக்கூடாது என்று ரசிகர்களே ஏற்பாடு செய்து ஒரு செவ்வாய் இரவு 27,759 பேர் வந்தோம். அணியை விற்றுவிடு என்று தொண்டை கிழியக் கத்தினோம். இரண்டு நாள் கழித்து பேஸ்பால் லீகின் தலைவர், அதாவது கமிஷனர், ராப் மான்ஃப்ரெட் நிருபர்களிடம் சொல்கிறார்: ஒரு ராத்திரிக்காவது சராசரிக்குப் பக்கத்தில் கூட்டம் வந்ததே, நல்ல விஷயம். முகத்தில் அந்த லேசான சிரிப்பு வேறு.

2020இல் உலகத் தொடர் கோப்பையை 'ஒரு உலோகத் துண்டு' என்று சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்ட மனிதர்தானே. ஓக்லண்டிடம் அதுகூடக் கேட்கவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஆபீஸில் ஒருவர், அணி ஊர் மாறுவதைக் கமிஷனர் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டிருந்தார். தடுப்பதா? அவரைத் தேர்ந்தெடுப்பதே அணி முதலாளிகள். சம்பளம் அவர்கள் பணம். பதவிக்காலத்தை நீட்டுவதும் அவர்கள்தான். 2023 நவம்பர் 16 அன்று முப்பது அணி முதலாளிகளும், எங்கள் அணி லாஸ் வேகஸுக்குப் போகலாம் என்று ஒருமனதாகக் கை தூக்கினார்கள். இடமாற்றக் கட்டணம்கூட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநில அரசு 380 மில்லியன் டாலர் வரை தருகிறது. இதில் ரசிகன் எங்கே வருகிறான்? கோர்ட்டுக்குப் போகலாமென்றால், 1922இலேயே உச்ச நீதிமன்றம் ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு நூறு வருஷமாக அவர்களுக்குக் குடை பிடிக்கிறது.

புதன் காலை ஐந்தரை மணிக்கு ஓர் இடம் காலியாம்!

செப்டம்பர் 23

முதலாளி ஜான் ஃபிஷர் ரசிகர்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். முயன்றோம், தோற்றோம், வருந்துகிறோம். பெரியவர் படித்துவிட்டு, எழுத்துப்பிழை இல்லை என்றார். அவ்வளவுதான் விமர்சனம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

காரில் போகும்போது பெரியவர் 1976ஐ ஆரம்பித்தார். எனக்கு மனப்பாடம், ஆனாலும் கேட்டேன். இதே அணி. அப்போது முதலாளி சார்லி ஃபின்லி. ஆட்டக்காரர்கள் கையைவிட்டுப் போவதற்குள் காசாக்கிவிடலாமென்று ஜோ ரூடியையும் ரோலி ஃபிங்கர்ஸையும் தலைக்கு ஒரு மில்லியன் டாலருக்கு பாஸ்டனுக்கு விற்றார். வைடா புளூவை ஒன்றரை மில்லியனுக்கு நியூயார்க் யாங்கீஸுக்கு. கமிஷனர் போவி கூன், 'பேஸ்பாலின் நலன் கருதி' செல்லாது என்று மூன்றையும் ரத்து செய்தார். ஃபின்லி வழக்குப் போட்டார். தோற்றார்.

மூன்று பேரை விற்றால் பேஸ்பாலுக்குக் கேடு, மொத்த அணியையும் மூட்டை கட்டிக்கொண்டு போனால் கேடில்லையா? இதுதான் பெரியவர் கேள்வி. ஃபின்லியை மற்ற முதலாளிகளுக்குப் பிடிக்காது, ஃபிஷர் விஷயத்தில் அப்படியில்லை. ரத்து செய்யும் அந்த அதிகாரம் கமிஷனருக்கு இன்றைக்கும் இருக்கிறது. முதலாளிகள் முகம் சுளிக்காத பக்கம் மட்டும்தான் அது பாயும். 1992இல் அப்போதைய கமிஷனர் ஃபே வின்சென்ட் சுளிக்க வைத்தார். 18க்கு 9 என்று நம்பிக்கையில்லாத் தீர்மானம், ராஜினாமா. அவர் இடத்தில் வந்து உட்கார்ந்தவர் பட் செலிக். அவரே மில்வாக்கி அணியின் முதலாளி!

பெரியவருக்குக் கால் வீக்கம் அதிகமாகத் தெரிகிறது. கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

செப்டம்பர் 25

அதிகாலை ஐந்தரை. ஆயிற்று.

செப்டம்பர் 26, வியாழன்

பார்ட் ரயில் நிலையத்திலிருந்து மைதானத்துக்குப் போகும் நடைபாலத்தில் நகர முடியவில்லை. பேக்கன் சுற்றிய ஹாட் டாக் புகை, பச்சைச் சட்டைகள், டிரம் சத்தம். 46,889 பேர். கமிஷனருக்கு இன்றைக்குச் சராசரி போதுமா தெரியவில்லை.

வெயில் கொளுத்தியது. பெரியவருக்குத் தண்ணீர் அளவு உண்டு. ஒரு டம்ளர் நிறைய ஐஸ் கட்டி வாங்கி, இன்னிங்ஸுக்கு ஒன்றாக வாயில் போட்டு அடக்கிக்கொண்டார். கன்னம் ஒருபக்கம் உப்பியிருக்க, பென்சிலால் ஸ்கோர் தாளை நிரப்பினார். நடுவில் ஒருமுறைகூட அழிக்கவில்லை. டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் மீது 3-2, வெற்றி. முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. அணியின் பயிற்சியாளர் மார்க் காட்சே மைக்கில் நன்றி சொன்னார். வளர்ந்த மனிதர்களில் அழுதுகொண்டிருந்தவர்களை எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கொடுத்தார்கள். தூங்கிவிட்டார்.

செப்டம்பர் 27

எரிச்சலாக இருக்கிறது. எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 30

பழைய பேஸ்பால் ஆட்டக்காரர் பீட் ரோஸ் போய்விட்டார், 83 வயது. இறந்தது லாஸ் வேகஸில்.

அக்டோபர் 1, செவ்வாய்

வழியெல்லாம் ரோஸ்தான். 4,256 ஹிட்ஸ், இன்றுவரை யாரும் தொடவில்லை. தன் அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியதற்காக 1989 ஆகஸ்டில் கமிஷனர் ஜியாமட்டி ஆயுள் தடை போட்டார். எட்டாவது நாள் மாரடைப்பில் ஜியாமட்டியே போய்விட்டார். 2015இல் ரோஸ் மனுப்போட்டபோது மான்ஃப்ரெட் முடியாது என்றார். 2018இல் அதே மான்ஃப்ரெட் சூதாட்ட நிறுவனத்தோடு லீகுக்கு ஒப்பந்தம் போட்டார். இப்போது அணியே சூதாட்ட நகரத்துக்கு.

சூதாட்டத்தைத் துடைக்கத்தான் இந்தப் பதவியே வந்தது. 1919 உலகத் தொடரில் ஆட்டக்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு தோற்ற ஊழலுக்குப் பிறகு பயந்துபோன முதலாளிகள் நீதிபதி லாண்டிஸைக் கொண்டுவந்தார்கள். ஜூரி விடுதலை என்று சொல்லியும், மறுநாளே எட்டு ஆட்டக்காரர்களை அவர் நிரந்தரமாக விலக்கினார். அவர் இருந்த வரைக்கும் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட உள்ளே வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

செத்த பிறகாவது ரோஸின் தடையை நீக்குவார்களா என்று பெரியவர் என்னோடு பந்தயம் கட்டக் கூப்பிட்டார். இந்த விஷயத்திலேயே பந்தயமா என்றேன். சிரித்தார், அப்புறம் நெடுநேரம் இருமினார்.

சென்டரிலிருந்து போன். சனிக்கிழமை நேரம் மறுபடி மாறுகிறதாம்.