உள்விழி லென்ஸும் அதை அளக்கும் கணினியும்

கண்புரை அறுவைச் சிகிச்சையில் பொருத்தப்படும் உள்விழி லென்ஸின் ஒளிப்பகுதி ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் விட்டமே உடையது. ஆனால் அது ஒருவர் கண்ணுக்குள் ஆயுள் முழுவதும் இருந்தாக வேண்டும். மதுரையில் 1992-ல் உள்விழி லென்ஸ் தயாரிக்கும் ஆரோலேப் நிறுவனம் தொடங்கப்பட்டது முதல் இந்த ஊருக்குப் பழகிப்போன இத்தொழிலில், தரச் சோதனைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் நான்.

தொடக்கத்தில், லென்ஸை ஆப்டிக்கல் பெஞ்ச் எனும் ஒளியியல் சோதனை மேடையில் வைத்து, அதன் வழியே தெரியும் கோடுகள் எந்த நுணுக்கம் வரை பிரிந்து தெரிகின்றன என்று கண்ணால் பார்த்துச் சொல்வோம். காலையில் பிரிந்து தெரிந்த கோடுகள் மாலையில் சோர்ந்த கண்ணுக்கு ஒட்டிக்கொள்ளும். இருவர் பார்த்தால் முடிவும் இரண்டாகும்.

கணினிக் கருவி வந்தபின் அந்த வழக்கு தீர்ந்தது. மாதிரிக் கண்ணில் வைத்த லென்ஸின் வழியே, 3 மில்லிமீட்டர் துளையில், 546 நானோமீட்டர் பச்சை ஒளி செல்லும். மோட்டார் கேமராவை நகர்த்திச் சரியான குவியத்தைத் தேடும். மில்லிமீட்டருக்கு 100 கோட்டு இணைகள் என்ற நுணுக்கத்திலும் கறுப்பு வெள்ளை வேறுபாடு எவ்வளவு எஞ்சுகிறது என்று கணினி கணக்கிடும். இதையே எம்.டி.எஃப். என்கிறோம். உள்விழி லென்ஸுக்கான ஐ.எஸ்.ஓ. 11979-2 பன்னாட்டுத் தரத்தின்படி, ஒற்றைக் குவிய லென்ஸுக்கு அது 0.43-ஐ எட்ட வேண்டும்; எட்டாவிட்டால், அந்த வடிவமைப்புக்குக் கணக்கிட்ட உச்ச மதிப்பில் 70 விழுக்காடாவது இருந்து, 0.28-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும்.

எண்ணை நம்புவதற்குமுன் அது எந்த நிலையில் பிறந்தது என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குள் இருக்கும் நீரின் ஒளிவிலகல் எண் 1.336, அங்கே 20 டயாப்டர் (லென்ஸ் திறனின் அலகு) திறனுள்ள பி.எம்.எம்.ஏ. எனும் கடினப் பிளாஸ்டிக் லென்ஸ் காற்றில் மூன்று மடங்குக்கும் மேலான திறனைக் காட்டும். மென்மையான அக்ரிலிக் லென்ஸின் ஒளிவிலகல் எண்ணோ வெப்பத்தோடும் மாறும். ஆகவே 35 டிகிரி உப்புநீரில் வைத்து அளக்கிறோம். சித்திரை வெயிலில் மின்சாரம் போய் ஏசி நின்றுவிட்டால், மீண்டும் வந்ததும் உப்புநீர் அதே வெப்பநிலைக்கு வந்து நிலைக்கும்வரை காத்திருப்பது அவசியம். ஏனெனில் கருவி அப்போதும் ஓர் எண்ணைக் காட்டத்தான் செய்யும். திறன் முன்பே அறிந்த ஒப்பீட்டு லென்ஸை முதலில் அளந்து பார்க்காமல் எந்த ஷிப்டையும் தொடங்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன்.

3 மில்லிமீட்டர் துளைக்கு வெளியே விளிம்பில் உள்ள கீறலைக் கருவி அறியாது. அதற்கு, நுண்ணோக்கியின்முன் அமர்ந்திருக்கும் மேலூர், திருமங்கலம் பக்கத்துப் பெண்களின் பயிற்சி பெற்ற கண்தான் வேண்டும்.

வேகத்தைவிட, அளந்தவற்றைக் கருவி மறவாமல் வைத்திருப்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரே லேத்தில் கடைந்த லென்ஸ்களின் எம்.டி.எஃப். எல்லாம் தேர்ச்சி எல்லைக்கு மேலே இருந்தும் பேட்சுக்குப் பேட்ச் சிறிது சிறிதாக இறங்கினால், லேத்தின் வைர வெட்டுமுனை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம் அது. இந்த இறக்கத்தைக் காட்டும் வரைபடம் தரப் பிரிவின் கணினியோடு நின்றுவிடாமல், லேத்தை ஓட்டுபவரின் கண்முன்னும் நாள்தோறும் இருக்க வேண்டும். முனையை மாற்றும் கை அவருடையது.