சிவப்பு நூலில் ஓர் இலக்கம்

பழைய மாணவிகள் சங்கத்து மலர்க்குழுத் தங்கச்சி ஒருத்தி போன் எடுத்து, "அக்கா, மடத்தின்ர வரலாறு ஒண்டு வேணும். ரெண்டு பக்கம் காணும்" என்றாள். வரலாறு என்றால் ஆண்டுகளும் ஆயர்மாரின் பெயர்களும் வரிசையாக வரவேண்டும். அதற்கு என்னைவிடக் கெட்டிக்காரிகள் இந்தச் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு மடம் என்றவுடன் நினைவுக்கு வருவது ஓர் எண்தான். 47.

1978 தை மாதம் யாழ்ப்பாணம் திருக்குடும்பக் கன்னியர் மடத்து விடுதியில் என்னைச் சேர்த்தபோது கிடைத்த உடுப்பு நம்பர் அது. அப்பாவுக்கு ஊர்காவற்றுறையில் சின்னக் கடை. காலை பஸ்ஸில் வேலணை, அல்லைப்பிட்டி எல்லாம் தாண்டிப் பண்ணைப் பாலத்தால் வந்து சேர்ந்தோம். எனக்கு ஒரு ரிக்கெற், என்னுடைய றங்குப் பெட்டிக்கு அரை ரிக்கெற். அந்த அரை ரிக்கெற் விஷயத்தில் கொண்டக்டரோடு அப்பா பாலம் முடியும்வரை வாதாடிக்கொண்டு வந்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவ அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவ. பிரதான வீதியில் மடத்து வாசலில் இறங்கியதும் என் சட்டையின் பின் மடிப்பை இழுத்துச் சரிபண்ணிவிட்டா, அவ்வளவுதான்.

அன்று பின்னேரமே விடுதிச் சிஸ்டர் எங்களைத் தையல் அறைக்குக் கூட்டிப்போனார். வெள்ளைச் சட்டை, வீட்டுச் சட்டை, பாவாடை, துவாய், படுக்கை விரிப்பு, தலையணை உறை, கைலேஞ்சி வரைக்கும் எல்லாவற்றிலும் நம்பர் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சலவைக்குப் போகிற துணி திரும்பி வராது. எனக்கு 31 துண்டு வெள்ளை நாடா வெட்டித் தந்தார்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி சிவப்பு நூலால் குறுக்குத் தையல் போட்டு, பிறகு அந்த நாடாவை உடுப்பின் உள்பக்கம் பொருத்தவேண்டும். அம்மாமார் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்துவிட்டால் என்ன என்று நான் நினைத்தேன். அது நடக்காது. யாருடைய நம்பரோ அவளேதான் தைக்கவேண்டும்.

"பிள்ளை, போகேக்கை எல்லாக் கோடும் ஒரே பக்கம் சாயவேணும். திரும்பி வரேக்கைதான் மற்றப் பக்கம். நடுவில மாறினா வடிவு கெட்டுப்போம்."

சிஸ்டர் சொன்னபடி நான் கோடுகளைத்தான் கவனித்தேன், எண்ணைக் கவனிக்கவில்லை. முதல் பத்துத் துண்டில் 47க்குப் பதிலாக 74 தைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை உயர்தர வகுப்பு அக்கா ஒருவர் சாப்பாட்டு அறை வாசலில் என் உள்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆற்றயடி இது?" என்று கேட்டார். அறுபது பேர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பத்துத் துண்டையும் பிரித்துத் தைக்க ஒரு கிழமை போனது. பிரிக்கும்போது நூல் சாயம் விடவில்லை, பஞ்சாகவும் போகவில்லை. கண்டில் சுற்றியிருந்த கடதாசியில் டீ.எம்.சி. என்று மூன்று எழுத்து. அது எந்த ஊர் நூல் என்று கேட்கிற புத்தி அப்போது இல்லை.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன்.

ஆண்டுதோறும் மாசி மாதம் 3ஆம் திகதி சிற்றாலயத்தில் நற்கருணை ஆசீர் வழிபாடு நடக்கும். அதற்கு முன்பு ஒரு சிஸ்டர் சபையின் கதையைச் சொல்லுவார். பிரான்சில் போர்தோ என்ற நகரம். பியேர் பியன்வெனு நோவாய் என்ற இளைஞர். இளவயதில் பக்தியெல்லாம் விட்டுப்போய், பாரிசில் திரும்பிக் கிடைத்து, குருவானவர். 1820இல் மூன்று பெண்களோடு திருக்குடும்ப சபையைத் தொடங்கினார். 1822 மாசி 3ஆம் திகதி, போர்தோவில் அந்தச் சபையின் சின்னச் சிற்றாலயத்தில் ஆசீர் நேரம் நற்கருணை அப்பத்தில் இயேசுவின் உருவத்தைக் கண்டதாக அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். அந்த நாளைத்தான் நாங்கள் கொண்டாடினோம். நோவாய் அடிகளைச் சிஸ்டர்மார் 'நல்ல தந்தை' என்பார்கள்.

அவர் 1861இல் இறந்தார். அடுத்த ஆண்டே, 1862இல், அவருடைய சிஸ்டர்மார் யாழ்ப்பாணம் வந்துவிட்டார்கள். கூட்டிவந்தவர் செமேரியா ஆண்டகை, அமலமரித் தியாகிகள் என்ற குருக்கள் சபையைச் சேர்ந்த இத்தாலியர். அந்தச் சபையும் திருக்குடும்ப சபையும் 1858இல்தான் உறவுச் சபைகளாக இணைந்திருந்தன. கேட்கவும் உரிமை இருந்தது, கேட்கக் காரணமும் இருந்தது. அமெரிக்க மிஷன் உடுவிலில் 1824இலேயே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிவிட்டது. மெதடிஸ்தர் 1834இல் வேம்படியில் தொடங்கினார்கள். கத்தோலிக்க வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று வேண்டாமா? இதில் போட்டியும் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அந்தப் போட்டியால் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளுக்கு நன்மைதான்.

சின்ன வயதில் இந்தக் கதை எங்களுக்கு அலுப்பு. ஒவ்வொரு மாசி மாதமும் கேட்டால் யாருக்குத்தான் அலுக்காது? என் பக்கத்தில் இருந்து கேட்ட சைவப் பிள்ளை, என்னுடைய உயிர்ச் சிநேகிதி, சமய பாட வேளையில் வேறு அறைக்குப் போய்த் தேவாரம் படிப்பவள். அவளுக்குத் தேவாரமும் பாடம், நல்ல தந்தையின் கதையும் பாடம். சிஸ்டர் நடுவில் ஏதாவது விட்டுவிட்டால் அவள்தான் எனக்குக் காதுக்குள் எடுத்துக்கொடுப்பாள்.

ஒரேயொரு ஆண்டு மட்டும் கதை பிடித்தது. வழக்கமாகச் சொல்லுகிறவருக்குச் சுகமில்லை என்று பூகோளம் படிப்பித்த சிஸ்டர் வந்தார். அற்புதத்தை இரண்டு வசனத்தில் முடித்துவிட்டு, தேசப்படத்தைச் சுவரில் மாட்டினார். "1862இல சூயஸ் கால்வாய் இல்லை. அது திறந்தது 1869. அப்ப இந்தப் பிள்ளையள் எப்பிடி வந்திருப்பினம், சொல்லுங்கோ பாப்பம்?" என்றார். ஐரோப்பாவில் இருந்து குறுக்கு வழி என்றால் அலெக்சாந்திரியா வரை ஒரு கப்பல், அங்கிருந்து எகிப்தைத் தரையால் கடந்து சூயஸ், சூயஸிலிருந்து இன்னொரு கப்பல். பெரிய கப்பல்கள் அந்தக் காலத்தில் காலித் துறைமுகத்துக்குத்தான் வரும். கொழும்புத் துறைமுகம் பெருத்தது பிறகு. இலங்கையில் அப்போது ரயிலே இல்லை, முதல் ரயில் ஓடியது 1864இல். யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் தண்டவாளம் இணைத்தது 1905இல். "கம்பளி உடுப்போட, தமிழ் ஒரு சொல்லும் தெரியாம, திரும்பிப் போறேல்லை எண்டு தெரிஞ்சுகொண்டு வந்த பொம்பிளைப் பிள்ளையள்" என்று சொல்லிவிட்டுத் தேசப்படத்தைச் சுருட்டினார். அவர் 'பிள்ளையள்' என்ற சொல்லை விடவில்லை. எங்களுக்கு அதுவரை அவர்கள் படத்தில் இருக்கிற வெள்ளைக்கார மதர்மார். எனக்குப் படிப்பித்தவர்கள் எல்லாரும் ஊர்ச் சிஸ்டர்மார்தான்.

1981 வைகாசி முடிந்து ஆனி பிறந்த நாட்கள். தேர்தல் கிழமை என்பதால் விடுதியில் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஓர் இரவு மேல்மாடி ஜன்னலால் பார்த்தபோது கோட்டைப் பக்கத்து வானம் சிவந்து கிடந்தது. நூலகம் எரிகிறது என்று யார் சொன்னார்கள் என்று நினைவில்லை. பெயர் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது. சுமார் 97,000 நூல்கள். அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் தாவீது அடிகள் உயிர்விட்ட செய்தி மடத்துக்கு வந்தபோது, சிஸ்டர்மார் செபமாலையை எடுத்தார்கள். பன்மொழிப் புலவர், எங்கள் வீதிக்காரர் மாதிரி.

பாடசாலை திரும்பத் தொடங்கியதும் நூலகப் பாடவேளையில் சிஸ்டர் எங்களை வாசிக்க விடவில்லை. அலுமாரியைத் திறந்து, இருக்கிற எல்லாப் புத்தகத்துக்கும் உறை போடச் சொன்னார். ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்துபோயிருந்தது. ஆகவே பழைய வீரகேசரித் தாள். மூன்று நாள் வெட்டினோம், மடித்தோம், கோதுமை மாப் பசை காய்ச்சி ஒட்டினோம். எரிந்ததைப் பற்றி அந்த மூன்று நாளும் அவர் ஒரு சொல் பேசவில்லை. மூலை மடிப்பு சரியில்லாவிட்டால் மட்டும் திருப்பித் தந்தார்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நடந்ததை இந்த மலரில் எழுதாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய சனத்தோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வந்தார்கள். அதில் ஒருத்தி எங்கள் விடுதிக்கு வந்தாள். வேறு பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை, இடுப்பில் எங்களிடம் இல்லாத ஒரு பட்டி, கையில் ஒரு சீலைப் பை. பழைய பாடசாலைப் பத்திரம் இல்லை, பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லை. பெட்டி வைக்கிற அறையில் வரிசையாகப் பெட்டிகள், அவளுக்கு மட்டும் இல்லை. அவள் அந்த வாசலிலேயே நின்றாள்.

விடுதிச் சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "பெட்டி பிறகு வாங்கலாம், நம்பரை எடுப்பம்" என்றார். காலியாக இருந்த நம்பர் 19. நாடாவை வெட்டி அவள் கையில் கொடுத்தார். அவளிடம் இருந்தது இரண்டே உடுப்பு. சிஸ்டர் எங்களைப் பார்த்தார், பார்த்தது போதும். ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்தோம். கொடுத்த உடுப்பிலிருந்து எங்கள் நம்பரைப் பிரித்து, அவள் தன்னுடையதைத் தைத்தாள். நான் கொடுத்த நீலச் சட்டையில் 47ஐப் பிரித்த இடத்தில் ஊசி ஓட்டை வரிசை நன்றாகத் தெரிந்தது. அதற்கு மேலேயே 19 ஏறியது. அவள் இப்போது ரொறன்ரோவில். பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

நான் உயர்தரம் எடுத்தது 1986இல். பாரிசுக்கு வந்தது 1989இல். வந்த கதை எல்லாருக்கும் ஒரே கதைதான், விடுவோம். முதல் வேலை ஒரு ஹோட்டலின் நிலக்கீழ்ச் சலவை அறையில். பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும் தவிர ஒன்றும் தெரியாது. மேற்பார்வை பார்த்த போர்த்துக்கேய அம்மா முதல்நாள் ஒரு கட்டு வேலையாட்களின் மேலங்கியையும், எண் அச்சிட்ட நாடாச் சுருளையும், ஊசியையும் முன்னால் வைத்துவிட்டுச் சைகையால் காட்டினா. நான் தைத்ததைப் பார்த்துவிட்டு மற்றப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினா. அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அந்தச் சலவை அறையில் நின்றபோதுதான் பூகோள சிஸ்டரின் தேசப்படம் நினைவுக்கு வந்தது. அந்த முதல் சிஸ்டர்மார் போன வழியில் நான் எதிர்ப்பக்கமாக வந்திருக்கிறேன், அவர்களுக்குத் தமிழ் தெரியாததுபோல எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஒரேயொரு வித்தியாசம், அவர்களை யாரோ கேட்டுக் கூப்பிட்டார்கள்.

1995 ஐப்பசி 30இல் இராணுவம் நெருங்கி வர யாழ்ப்பாணமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நான் பாரிசின் லா சப்பலில் தொலைபேசிக் கடை வாசலில் வரிசையில் நின்றேன். அம்மாவின் குரல் கேட்க 19 நாள் ஆனது.

போர்தோவுக்குப் போக எனக்கு இத்தனை ஆண்டு எடுத்தது வெட்கம்தான். பாரிசில் மொன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டு மணித்தியாலம். போன ஆண்டு அந்த ஊரில் இருக்கிற பழைய மாணவி ஒருத்தி பிடித்த பிடியில் போனேன். நோவாய் அடிகள் உதவிக் குருவாக இருந்த செந்த் எலாலி கோவிலுக்குள் கொஞ்ச நேரம் இருந்தோம். மறுநாள் காரில் மார்த்தியாக். ஊரைச் சுற்றி முந்திரிகைக் கொடித் தோட்டம், நடுவே சபையின் பழைய வீடு. அங்கேதான் நல்ல தந்தையின் கல்லறை. எனக்குப் பெரிய உணர்ச்சி ஒன்றும் வரவில்லை, உண்மையைச் சொல்லுகிறேன். கால் குளிர்ந்தது. வயதான பிரெஞ்சுச் சிஸ்டர் ஒருவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பாரிஸ் என்றேன். இல்லை, அதற்கு முன்னால் என்றார். ஜஃப்னா என்றதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் ஒருநாளும் அங்கே போனதில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரயிலுக்கு நேரம் இருந்தபடியால், சென் மிஷேல் கோவில் முற்றத்தில் நடக்கிற பழஞ்சாமான் சந்தைக்குப் போனோம். உடைந்த கதிரை, பித்தளைப் பாத்திரம், யாரோ வீட்டு வெள்ளிக் கரண்டி. ஒரு மேசையில் பழைய லினன் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கியிருந்தார்கள். எடுத்து விரித்தேன். மூலையில் சிவப்பு நூலால் குறுக்குத் தையலில் எம், எல் என்று இரண்டு எழுத்து, அதன் கீழே 12. கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, திரும்பி வந்தவை மற்றப் பக்கம்.

கடைக்காரப் பெண் விளக்கினாள். அந்தக் காலத்தில் மடத்துப் பள்ளிக்கூடங்களில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு சேர்த்து இதையும் படிப்பிப்பார்களாம். சலவையில் துணி மாறாமல் இருக்க. சிவப்புத்தான் போடுவார்களாம், சாயம் போகாது என்று. நூல் இந்த நாட்டு நூல்தான், டீ.எம்.சி., இன்னும் கடையில் வாங்கலாம் என்றாள்.

விலை 20 யூரோ என்றாள். நான் 12 கொடுக்கிறேன் என்றேன், அதில்தான் 12 என்று போட்டிருக்கிறதே என்று. சிரித்துவிட்டு 15க்குத் தந்தாள். அப்பாவாக இருந்தால் 12க்கே முடித்திருப்பார்.