இன்ஜின் போயிருச்சுன்னாங்க, பழுது இருந்தது பிரேக்குக்கு காத்து அடிக்கற ஏர் கம்ப்ரசர்ல

லாரி வச்சிருக்கவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், வண்டியில டக்டக்னு தட்டுற சத்தம் வந்தா எடுத்ததும் சம்ப்ப, அதாவது இன்ஜின் அடியில ஆயில் நிக்கற தொட்டிய, கழட்ட ஒத்துக்காதீங்க. எனக்கு இருபத்திமூணு நாள் வண்டி நின்னுச்சு, நாலு லோடு கைவிட்டுப் போச்சு, நாப்பதாயிரத்துக்கு மேல கரைஞ்சுது. இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

வண்டி 2007 மாடல், ஆறு சக்கரம், பழைய பம்ப் இன்ஜின், எலக்ட்ரானிக் எதுவும் கிடையாது. தாவணகெரே பக்கம் மக்காச்சோளம் ஏத்திட்டு நாமக்கல் கோழித்தீவன மில்லுக்கு வர்ற லைன். இன்ஜின் வேலை பாத்து நாலு வருசம்தான் ஆகுது, புகை கிடையாது, ஆயில் குறையறதில்ல. ஆடி மாசம் டிரைவர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, தொப்பூர் கணவாயில பிரேக் புடிச்சு இறங்கறப்ப இன்ஜின் பக்கம் தட்டுதுங்க, கீழ வந்து சமத்துல ஓட்டுனா கொஞ்ச நேரத்துல அடங்கிருது"ன்னார். அதுக்கு முன்னாடியே கிளீனர் பையன் காலையில பிரேக் காத்து சேர்ற ஏர் டேங்க்ல தண்ணி தொறந்து விடறப்ப எண்ணெயா வருதுண்ணான்னு ரெண்டு தடவ சொல்லியிருந்தான். ரெண்டு பேரு சொன்னதுலயும் பதில் இருந்துச்சு, நான் காதுல வாங்கல, அதுதான் இன்னும் மனசுல உறுத்துது.

முதல் பட்டறையில மேஸ்திரி ரெண்டு தடவ ரேஸ் குடுத்தார், "பிக் எண்ட் பேரிங் போயிருச்சு, இப்படியே ஓட்டுனா ராடு வெளிய வந்துரும்"னார். பிஸ்டன தாங்கற ராடு கீழ கிராங்க் தண்டுல சேர்ற எடத்து பேரிங்தான் அது. ஒன்னே முக்கால் லட்சம் ஆகும்னு கணக்கு. ராடு வெளிய வரும்னு கேட்டதும் பயந்துட்டேன், அவர் சொன்ன கடையிலயே பேரிங் செட்டு பதினோராயிரத்துக்கு வாங்கிக் குடுத்தேன், பில்லு கூட கேக்கல. சம்ப்ப கழட்டிப் பாத்தா பேரிங் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு, ஒரு கோடு இல்ல, ஆயில்ல ஒரு மினுமினுப்பு இல்ல. சரி, தப்பா சொல்லிட்டேன்னு சொல்லியிருந்தா பரவால்ல, "அப்ப பிஸ்டன் பின்னா இருக்கும், ஹெட்ட இறக்கிரலாம்"ன்னார். சம்ப்ப மாட்டுங்கன்னு சொல்லி கூலிய குடுத்துட்டு வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

ரெண்டாவது இடத்துல, சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுற நாசில் தட்டுதுன்னு பம்பையும் நாசிலையும் கழட்டி சர்வீஸ் பண்ணாங்க, அது ஒரு பதினாறாயிரம். வண்டி நல்லா இழுத்துச்சு, ஆனா சத்தம் அப்படியே இருந்துச்சு. கியர்பாக்ஸா இருக்குமோன்னு அங்கயே ஒருத்தர் கிளப்பி விட்டார், நிறுத்தி வச்சு கிளட்ச்ச மிதிச்சு மிதிச்சு விட்டுப் பாத்தோம், சத்தத்துல மாத்தமே இல்ல. கியர்பாக்ஸ் முன் பேரிங்கா இருந்தா மிதிச்சதும் அடங்கியிருக்கும். அந்த ஒரு நிமிசம்தான் அங்க உருப்படியா நடந்தது.

அப்பறம் சங்ககிரி பக்கம் ஒரு பெரியவர், இப்ப பட்டறை வைக்கறதில்ல, கூப்பிட்டா வந்து பாப்பார். வந்ததும் ஸ்பேனர தொடவே இல்ல. டிரைவர கூட்டிட்டு வா சாமின்னார். சத்தம் எப்ப வருது, எப்ப நிக்குதுன்னு அரைமணி நேரம் அவர்கிட்டயே கேட்டார், பிரேக் புடிச்சு இறங்கறப்பன்னு சொன்னதும் "காத்து முள்ளு அப்ப எங்க நின்னுச்சு?"ன்னார், பிரேக் காத்து பிரசர காட்டற மீட்டர் முள்ளத்தான் கேட்டார். எங்க மூணு பேருக்கும் பதில் தெரியல.

இன்ஜின நிறுத்தி பிரேக்க மிதிச்சு மிதிச்சு காத்த சுத்தமா இறக்கிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். டக்டக்னு ஆரம்பிச்சுது. முள்ளு மெல்ல மெல்ல ஏறுது, ஏறவே ரொம்ப நேரம் ஆச்சு, அதுவும் கம்ப்ரசர் தேஞ்சதுக்கு அடையாளமாம். எட்டு கிலோ கிட்ட வந்ததும் வால்வு புஸ்ஸுன்னு காத்த வெளிய விட்டுச்சு பாருங்க, சத்தம் அந்த நொடியே நின்னு போச்சு! எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு. மறுபடி பிரேக்க அஞ்சாறு தடவ மிதிச்சு முள்ள இறக்குனா மறுபடி டக்டக். மூணு தடவ செஞ்சு காட்டுனார். காத்து நிரப்பறப்ப கம்ப்ரசருக்கு பாரம், நிரம்புனதும் பாரம் விட்டுருது, சத்தமும் கூடவே போயிருது. தொப்பூர் இறக்கத்துல பிரேக் புடிக்கப் புடிக்க காத்து செலவாகி கம்ப்ரசர் ஓயாம பாரத்துல ஓடியிருக்கு.

அப்பவும் கழட்ட விடல. நீட்டு ஸ்க்ரூ டிரைவர கம்ப்ரசர் மேல வச்சு பிடிய காதுல ஒட்டிக் கேளுன்னார், உள்ள சுத்தியல்ல அடிக்கற மாதிரி இருந்துச்சு. பிளாக்ல வச்சா சத்தம் தூரத்துல கேக்குது. கடைசியா ஸ்லோவுல ஓட விட்டு ஒவ்வொரு நாசில் பைப் நட்டா லேசா தளத்தி இறுக்குனார், தளத்துனா அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது, எந்த சிலிண்டர நிறுத்துனாலும் தட்டு அப்படியே இருந்துச்சு. பிக் எண்டா இருந்தா அந்த சிலிண்டர்ல டீசல நிறுத்துனதும் தட்டு குறையும். இத நீங்களா செய்யாதீங்க, அந்த பிரசர்ல பீச்சுற டீசல் தோல ஓட்டை போட்டுட்டு உள்ள போயிரும், தெரிஞ்சவங்கள வச்சு செய்ங்க. பெல்ட்ல ஓடற கம்ப்ரசர்னா பெல்ட்ட கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாலே தெரிஞ்சிரும், ஆனா நின்ன இடத்துலயே, வண்டிய நகத்தக் கூடாது, காத்து ஏறாது, பிரேக் புடிக்காது. எங்க வண்டியில கியர்ல ஓடுது.

கம்ப்ரசர கழட்டுனா அதுக்குள்ள இருக்கற சின்ன ராடோட பேரிங் கையில ஆட்டுனாலே ஆடுது. காரணம் என்னன்னா, எங்க வண்டி கம்ப்ரசருக்கு இன்ஜின் ஆயில்தான் ஒரு சின்ன ஓட்டை வழியா போகுது, எட்டு மாசத்துக்கு முன்ன ஒரு இடத்துல கேஸ்கெட் மாத்துனப்ப பேஸ்ட்ட அள்ளி அப்பியிருக்காங்க, அது பிதுங்கி ஓட்டையில முக்கால்வாசி அடைச்சிருக்கு. பெரியவர் அத ஊசியில நோண்டி எடுத்து என் உள்ளங்கையில வச்சார், அரை அரிசி அளவு இருக்கும். நல்லவேளை கம்ப்ரசர் கிராங்க்ல கோடு விழல.

சேலத்துக்கு கம்ப்ரசர் கிட், அதாவது மாத்தற சாமான் செட்டு, வாங்கப் போனதுல ஒரு நாள் வீணாப் போச்சு. வண்டி மாடல மட்டும் சொல்லி வாங்கிட்டு வந்தேன், போர், அதாவது சிலிண்டர் துளை, அளவு வேற, பிஸ்டன் உள்ள போகவே இல்ல. பழைய பிஸ்டனையும் ராடையும் கையோட எடுத்துட்டுப் போங்க. மாட்டறது மதியத்துக்குள்ள முடிஞ்சுது, கூலியோட எட்டாயிரத்து நானூறு. டேங்க்குக்கு எண்ணெய் போயிருந்தா பிரேக் வால்வு ரப்பரெல்லாம் ஊதிக் கெட்டிருக்கும், அதையும் பாத்துருங்க, எங்களுக்கு ஒன்னு மாத்த வேண்டி வந்துச்சு.

அடுத்த லோடுக்கு நானும் கூடப் போனேன். ராத்திரி ரெண்டு மணிக்கு தொப்பூர்ல இறங்கறோம், கண்ணாடிய இறக்கி விட்டுட்டு டிரைவர் அண்ணன் பேசாம ஓட்டுறார், நானும் பேசல, முள்ளையே பாத்துட்டு வர்றேன். டோல்கேட்டு வந்ததும் "சத்தமில்லீங்க தம்பி"ன்னார். அன்னைக்கே உங்க பேச்ச கேட்டிருக்கணும்ணான்னு அங்கயே அவர்கிட்ட சொல்லிட்டேன். அந்த பேரிங் செட்ட மட்டும் கடையில திருப்பி எடுத்துக்கல, பிரிக்காம வீட்ல கிடக்கு.