பங்கிற்கு வருபவர்களும் திரும்பி வருபவர்களும்

பங்கில், அதாவது ஓர் ஆலயத்தைச் சார்ந்த கத்தோலிக்கச் சமூகத்தில், வரவேற்புப் பணி என்றவுடன், ஞாயிறு திருப்பலிக்கு (பூசைக்கு) முன் ஆலய வாசலில் நின்று கைகூப்பிப் புன்னகைக்கும் குழுவையே பெரும்பாலும் நினைத்துக்கொள்கிறோம். அது தேவைதான், ஆனால் அப்பணியின் மிக எளிய பகுதி அது. வாசலைக் கடந்து வரும் முகம் தெரியாத ஒருவர் வேறு பங்கிலிருந்து குடிபெயர்ந்தவராக இருக்கலாம், பல ஆண்டுகள் விலகியிருந்து திரும்பியவராக இருக்கலாம், திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாமலே ஏதோ ஒரு தேடலால் உந்தப்பட்டு வந்தவராகவும் இருக்கலாம். இவர்கள் எல்லாரிடமும் ஒரே சொற்களைச் சொல்லி ஒரே படிவத்தை நீட்டுவது எவரையும் வரவேற்றதாகாது என்பது, பங்குப் பணியில் ஈடுபட்டிருக்கும், குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினர் என்ற முறையில் என் உறுதியான எண்ணம்.

குடிபெயர்ந்து வந்தவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருச்சபைச் சட்டத்தின்படி பங்கு என்பது பொதுவாக நில எல்லை சார்ந்தது. நிலையாக வாழும் எண்ணத்துடன் அந்த எல்லைக்குள் குடியேறும் கத்தோலிக்கரும், மூன்று மாதங்களாவது தங்கும் எண்ணத்துடன் வரும் மாணவரும் தொழிலாளரும் அங்குள்ள பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ளவர்களே. ஆகவே புதியவர் நம் அனுமதிக்குக் காத்து நிற்கும் விருந்தினர் அல்லர். அவருடைய திருமுழுக்குப் பதிவு, திருமுழுக்குப் பெற்ற பங்கிலேயே இருக்கும் என்பதையும், உறுதிபூசுதல் என்னும் அருளடையாளமும் திருமணமும் அதே பதிவில்தான் குறிக்கப்படும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், பின்னாளில் சான்றிதழுக்காக அவர் அலைய வேண்டியிராது. திருப்பலி முடிவில் புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டும் வழக்கம் எனக்கு உவப்பானதன்று. கூச்ச இயல்புடையவர் அடுத்த வாரம் வேறு ஆலயத்தைத் தேடிப் போய்விடுவார். பொன் மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கையும், அழுக்குடை உடுத்திய ஏழைக்கு நிற்பதற்கு மட்டும் இடமும் தருவதை யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார் என்றால், யாரை எங்கே அமர்த்துவது என்னும் சிக்கல் தொடக்கத் திருச்சபையிலேயே இருந்திருக்கிறது என்று பொருள்.

திரும்பி வருபவர்களின் நிலை இதைவிடக் கடினமானது. அவர்களிடம் முதலில் கேட்கக் கூடாத கேள்வி, "இவ்வளவு காலம் எங்கே போயிருந்தீர்கள்?" என்பதுதான். லூக்கா 15ஆம் அதிகாரத்தின் ஊதாரி மகன் உவமையில், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிய இளைய மகன் தயாரித்து வைத்திருந்த பேச்சை முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் தந்தை ஆடையும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். கணக்குக் கேட்பவர் மூத்த மகன் ஒருவரே. நம் பங்குகளில் நெடுங்காலமாக உழைத்துவரும் நல்லவர்கள் பலர் தங்களை அறியாமலேயே அந்த மூத்த மகனின் இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்பதைச் சற்றுத் தயக்கத்துடன்தான் எழுதுகிறேன்.

திருமுழுக்கு அழியாத முத்திரை என்பது திருச்சபையின் போதனை. எனவே எத்தனை ஆண்டுகள் விலகியிருந்தாலும் திரும்பி வருபவர் மீண்டும் உறுப்பினராகச் சேர வேண்டிய தேவையில்லை. ஒப்புரவு அருளடையாளமே, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனமே, அவர் கடந்து வர வேண்டிய வாசல். அங்கேதான் அச்சம் அதிகம். செபங்கள் மறந்துபோயிருக்கும், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது, திருப்பலியின் பதிலுரைகளில் சில சொற்கள்கூட மாறியிருக்கலாம். "நெடுநாளாகப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, உதவுங்கள்" என்று சொன்னாலே போதும், குருவானவர் வழிநடத்துவார் என்பதையும், அங்கு பேசப்படுவதை எக்காரணம் கொண்டும் அவர் வெளியிட முடியாது என்பதையும் யாராவது அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

தவறான தகவலாலேயே விலகி நிற்பவர்களும் உண்டு. நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்றதால் மட்டும் ஒருவர் திருப்பலியில் நற்கருணை அப்பத்தை வாங்கும் தகுதியை இழப்பதில்லை. ஆனாலும் திருச்சபை தம்மை வெளியேற்றிவிட்டது என்று நம்பிப் பல ஆண்டுகள் கடைசி இருக்கையிலேயே அமர்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மறுமணம் செய்துகொண்டவர்களின் நிலை வேறு. அதை ஆலய முற்றத்தில் நின்றபடி நாம் தீர்த்துவைக்க முடியாது, தீர்த்துவைக்க முயலவும் கூடாது. முந்தைய திருமணம் செல்லத்தக்கதா என்று ஆராயும் வழிமுறையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எளிமையாக்கி, திருச்சபை நீதிமன்றங்களின் இரண்டு ஒத்த தீர்ப்புகள் வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கினார். 2016இல் வெளியிட்ட 'அமோரிஸ் லெத்தீசியா' மடலில், இத்தகையோருடன் மேய்ப்பர்கள் உடன்நடந்து தேர்ந்துதெளிய வேண்டும் என்று வலியுறுத்தினார். அவர்களைப் பங்குத்தந்தையிடம் அழைத்துச் செல்வதுதான் நம்மால் ஆகக்கூடியது.

திருச்சபைப் பணியாளர் ஒருவராலேயே துன்புறுத்தப்பட்டு விலகிச் சென்றவர் திரும்பி வந்தால் என்ன செய்வது? அவரிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசத் தொடங்குவது கொடுமை. அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், நம்ப வேண்டும். 2019இல் வெளியான 'வோஸ் எஸ்திஸ் லுக்ஸ் முந்தி' என்னும் திருத்தந்தையின் ஆணை, இத்தகைய புகார்களைப் பெறுவதற்கான ஏற்பாடு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதியிலும்) இருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அந்த விவரம் அறிவிப்புப் பலகையில் இல்லாத பங்கு வரவேற்பைப் பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

தேடி வருபவருக்குத் தேவைப்படுவது காலம். நம்பிக்கையை ஏற்குமாறு எவரையும் அவருடைய மனச்சான்றுக்கு எதிராக வற்புறுத்துவதைத் திருச்சபைச் சட்டமே தடைசெய்கிறது. யோவான் நற்செய்தியில் நிக்கதேம் என்னும் யூதத் தலைவர் இயேசுவிடம் இரவில் வந்தார், உரையாடினார், அன்றே எதையும் முடிவு செய்துவிடவில்லை. நற்கருணை வேளையில் இருக்கையிலேயே அமர்ந்திருக்கலாம் என்பதையும், அது குறையாகக் கருதப்படாது என்பதையும் திருப்பலிக்கு முன்பே தேடி வருபவரின் காதில் சொல்லிவிட்டால் ஒரு பெரிய சங்கடம் தவிர்க்கப்படும். வேறு கிறிஸ்தவச் சபையில் முறையாகத் திருமுழுக்குப் பெற்றவர் என்றால் அவருக்கு மறுபடியும் திருமுழுக்குக் கிடையாது. விசுவாச அறிக்கை செய்து கத்தோலிக்கத் திருச்சபையின் முழு ஒன்றிப்புக்குள் வருகிறார்.

திருமுழுக்குப் பெறாத பெரியோருக்கான பயிற்சிக் காலத்தைப் பல படிகளாகப் பிரித்து மீட்டெடுக்குமாறு உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கேட்டுக்கொண்டது. அதற்கான சடங்குமுறை 1972இல் வெளிவந்தது. கேள்விகளுக்கான முதற்காலம், புகுமுகநிலையில் (திருமுழுக்குக்குத் தயாராகும் நிலையில்) ஏற்றுக்கொள்ளும் சடங்கு, தேவைப்பட்டால் ஆண்டுக்கணக்கில் நீளக்கூடிய மறைக்கல்வி, தவக்காலத் தொடக்கத்தில் ஆயர் முன்னிலையில் பெயர் பதிதல், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவான பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு என்று அது படிப்படியாகச் செல்கிறது. புகுமுகநிலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால், அடக்கச் சடங்கைப் பொறுத்தவரை அவர் நம்பிக்கையாளருள் ஒருவராகவே எண்ணப்படுகிறார். வாசலில் நிற்பவரையும் தன் பிள்ளையாகக் கருதும் இந்தச் சட்டவரி எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்தப் பயணத்தில் திருமுழுக்குக்குத் தயாராகுபவருக்கு ஓர் உடன்பயணி அளிக்கப்படுகிறார். அவரை அறிந்து, அவருக்காகச் சபையின்முன் சான்று பகர்வது அந்த உடன்பயணியின் பொறுப்பு. முன்பு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தி, பின்னர் மனம் மாறி எருசலேமுக்கு வந்த சவுலைச் (பவுலைச்) சீடர் அனைவரும் அஞ்சி ஒதுங்கியபோது, அவரைத் திருத்தூதரிடம் அழைத்துச் சென்று அவருக்கு நேர்ந்ததை எடுத்துரைத்த பர்னபா செய்த பணியும் இதுவே. நல்ல பாடகர் குழுவும் அழகான அறிவிப்புத் தாளும் இருந்தும் பர்னபா ஒருவர்கூட இல்லாத பங்கில் புதியவர் நிலைப்பது அரிது.

திருவிழிப்பு இரவின் உற்சாகம் அடங்கியபின், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர் தனியாக விடப்படுவதைப் பல இடங்களில் காண்கிறோம். சடங்குமுறை பாஸ்கா காலம் முழுவதையும் அவர்களுடைய தொடர்பயிற்சிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அந்த ஞாயிறுகளில், திருமுழுக்கின்போது அவர்களுக்குத் துணைநின்ற ஞானப்பெற்றோர் அவர்களோடு சேர்ந்து அமர்வதையும், வாசகம் வாசித்தல், நோயாளரைச் சந்தித்தல் போன்ற ஏதேனும் ஒரு பணியில் அவர்களைச் சேர்ப்பதையும் பங்குப் பேரவை தவக்காலம் முடிவதற்குள்ளாகவே முடிவு செய்து வைத்துவிடுவது நல்லது.