இலை நீலமாக இருந்தால் எரர் ஆகிவிடுமா?

போன வாரம் ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டாம்ப் படம் அனுப்பி, "அண்ணே, மஞ்சள் விட்டுப்போன எரர் இது, எவ்வளவு போகும்?" என்று கேட்டார். (எரர் என்றால் அச்சகத்திலேயே தப்பாக அச்சாகி வந்த ஸ்டாம்ப்.) பார்த்ததும் என்னுடைய 800 ரூபாய் ஞாபகம் வந்துவிட்டது.

பல வருஷம் முன்னால் ஒரு கண்காட்சிக் கடையில் நானும் இப்படி ஒன்றை வாங்கினேன். பூ படம் போட்ட ஸ்டாம்ப், இலையெல்லாம் நீலம். பேரம்கூடப் பேசவில்லை, வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். வீட்டுக்கு வந்து லென்ஸை வைத்தால் கீழ் ஓரத்தில் நூல் அகலத்துக்கு ஒரு பச்சைக் கோடு. ஸ்டாக் புக்கின், அதாவது ஸ்டாம்ப் செருகி வைக்கும் ஆல்பத்தின், காகிதப் பட்டைக்குள் செருகியிருந்த பகுதி அது. யாரோ ஆல்பத்தை ஜன்னலோரம் திறந்து போட்டிருக்கிறார்கள், வெயில் பட்டு இலைப் பச்சையிலிருந்த மஞ்சள் வெளுத்து நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது, பட்டைக்குள் ஒளிந்திருந்த இடம் மட்டும் தப்பித்தது. அச்சிலேயே மஞ்சள் விழவில்லை என்றால் அந்தக் கோடு எங்கிருந்து வரும்?

அன்றிலிருந்து எந்த ஸ்டாம்ப் கையில் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: மை காகிதத்துக்கு வரவே இல்லையா, வந்துவிட்டுப் போனதா?

மடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சாகும்போதே காகிதம் மடிந்திருந்தால், பிரித்துப் பார்க்கும்போது படத்தின் குறுக்கே மை படாத வெள்ளைப் பட்டை இருக்கும், இரண்டு பக்கமும் படம் அப்படியே விலகி நிற்கும், விலக்கிய பட்டையை மூடினால் படம் சரியாகப் பொருந்தும். இது உண்மையான அச்சுக் கோளாறு. பிறகு மடிந்ததாக இருந்தால் படம் விலகாது, மடிப்பு மேல் மட்டும் மை வெடித்து உதிர்ந்திருக்கும். மையைச் சுரண்டி எடுத்ததும் பிறகு நடந்ததுதான், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் காகித நார் எழும்பி நிற்பது தெரியும்.

துளை போட விட்டுப்போன எரர் என்று, ஓரத்தில் பல் இல்லாத ஸ்டாம்ப் தனியாக வந்தால் நான் தொடுவதே இல்லை. மார்ஜின் அகலமாக உள்ள சாதாரண ஸ்டாம்பைக் கத்தரித்தாலும் அதே மாதிரிதான் இருக்கும். ஜோடியாக, நடுவில் துளை இல்லாமல் ஒட்டியிருக்கட்டும், அப்போது பேசலாம். (1854-இல் வந்த இந்திய ஸ்டாம்ப்களுக்குத் துளையே கிடையாது, எல்லாம் கத்தரிக்கோல்தான். அதைப் போய் எரர் என்று விற்பவர்களும் உண்டு!)

அதே 1854-இல் கல்கத்தாவில் அச்சான நாலணா ஸ்டாம்பில்தான் விக்டோரியா ராணியின் தலை கவிழ்ந்து வந்தது. சிவப்புச் சட்டம் ஒரு தடவை, நீலத் தலை ஒரு தடவை என இரண்டு முறை காகிதத்தை உள்ளே விட வேண்டும். ஒரு முறை தாள் தலைகீழாகப் போய்விட்டது. 1918-இல் அமெரிக்காவின் 24 சென்ட் ஸ்டாம்பில் விமானம் கவிழ்ந்ததும் இதே இரண்டு தடவைக் கதைதான், அதில் 100 உள்ள ஒரே ஒரு ஷீட் வெளியே வந்தது. எந்த வெயிலும் தண்ணீரும் ராணியைத் தலைகீழாக்காது, அதனால்தான் இவற்றுக்கு அவ்வளவு மதிப்பு.

நிறத்தில்தான் ஏமாறுவது அதிகம். பழைய ஆரஞ்சு ஸ்டாம்ப் பழுப்பாக இருந்தால் அபூர்வம் என்று குதிக்க வேண்டாம், காற்றிலுள்ள கந்தகம் பட்டாலே சில மைகள் கறுத்துப்போகும்.

சரி, நண்பரின் ஸ்டாம்புக்கு வருகிறேன். இலை நீலம், பக்கத்திலிருந்த ரோஜா நிறமும் நரைத்துப்போயிருந்தது. மஞ்சள் மட்டும் அச்சில் விட்டுப்போயிருந்தால் ரோஜா ஏன் வெளுக்க வேண்டும்? சொன்னேன், இரண்டு நாளாகப் பதில் இல்லை. இனி படம் அனுப்புகிறவர்கள் பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள், அப்புறம் பக்கத்திலேயே அதே வகையில் நல்ல ஸ்டாம்ப் ஒன்றையும் வைத்து.