செஸ்டரோடு நிறுத்தாதீர்கள்: அசல் டியூடர் வீடு லிட்டில் மோர்ட்டன் ஹால்

டியூடர் வீடு, அதாவது 1485 முதல் 1603 வரை ஆண்ட டியூடர் அரச வம்சத்தின் காலத்து வீடு பார்க்க இங்கிலாந்து போகிற பலர் செஸ்டர் நகரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அது வீண். செஸ்டரில் கிராஸ் சந்திப்பு மூலையில் கூட்டம் கூடிப் படம் பிடிக்கிற கறுப்பு வெள்ளைக் கட்டடம் 1888-இல் கட்டியது. விக்டோரியா ராணி காலத்து வேலை. வேலைப்பாடு நன்றாகவே இருக்கும், ஆனால் டியூடர் அல்ல.

அசல் வேண்டுமென்றால் லிட்டில் மோர்ட்டன் ஹாலுக்குப் போங்கள். கிட்ஸ்குரோவ் ரயில் ஸ்டேஷனில் இறங்கினால் மூன்று மைல்தான். டாக்ஸி ஏறும் முன்பே போகவர ரேட் பேசிவிடுங்கள். காத்திருப்புக்குத் தனியாகப் பணம் கறக்கிறார்கள், அந்தக் காசில் நல்ல மதியச் சாப்பாடே முடிந்துவிடும்.

அகழிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும்போதே தலை சுற்றும். வீடே கோணலாக நிற்கிறது! 1500-களின் தொடக்கத்தில் ஆரம்பித்து நூறு வருடம் கட்டிக்கொண்டே போனார்கள். உச்சியில் பிற்பாடு ஒரு நீள நடைக்கூடம் ஏற்றி, அதன்மேல் கனத்த கல்பலகைக் கூரை போட்டார்கள். அந்தப் பாரம்தான் கீழ்த்தளங்களை வளைத்துவிட்டது.

சுவரில் கட்டம் கட்டமாக நாலிதழ்ப் பூ தெரியும். பூவை யாரும் வரையவில்லை. கட்டத்தின் நாலு மூலையிலும் வளைத்துச் செதுக்கிய ஓக் துண்டுகளைப் பொருத்தியிருக்கிறார்கள். நடுவில் மிஞ்சும் வெள்ளைப் பூச்சுதான் பூ. பாரம் தாங்க இவ்வளவு மரம் தேவையே இல்லை. பணம் இருக்கிறது என்று ஊருக்குக் காட்டத்தான்.

முற்றத்தில் கூரையோடு கூரை இடிக்க நெருங்கி நிற்கும் இரண்டு ஜன்னல்களைத் தவறவிடாதீர்கள். கடவுள் அருளால் இவற்றைச் செய்தவன் தச்சன் ரிச்சர்ட் டேல் என்று மரத்திலேயே செதுக்கியிருக்கிறது, வருடம் 1559. அரண்மனைகளில்கூடத் தச்சன் பெயர் கிடைப்பது அபூர்வம்.

அசலைக் கண்டுபிடிக்க, மரமும் மரமும் இணையும் இடத்தைப் பாருங்கள். துளையில் செருகி ஓக் ஆணி அடித்திருப்பார்கள், அதன் வட்டத் தலை வெளியே தெரியும். டியூடர் மாதிரி தெரியக் கட்டிய 1930-களின் புறநகர் வீடுகளில் பெரும்பாலும் செங்கல் சுவரில் ஒட்டிய மெல்லிய பலகைதான்; அதை எடுத்தாலும் வீடு நிற்கும்.

மரச்சட்டங்களுக்கு நடுவே குச்சி பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு அடிப்பதே பழைய முறை. ஓக் சுருங்கி விரியும், இடுக்கில் மழைத்தண்ணீர் இறங்கும், சுண்ணாம்பு அதை உலரவிடும். பழுதுபார்க்கிறேன் என்று சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, முதலில் அடிச்சட்டம் உளுத்துப்போகும். இங்கிலாந்தின் பழைய வீடுகள் பல இப்படித்தான் கெட்டன.